தாவர இறைச்சி சைவ உணவுக்கு ஏற்றதா? எதற்கு மாற்றாக உண்கிறோம் என்பதே முதல் கேள்வி

ஹிஞ்சேவாடி (புனே): புனே நகரின் மேற்கு விளிம்பில், ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்துள்ள ஹிஞ்சேவாடியில் நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் பணிபுரிகின்றனர். விடுதி அறையில் தங்கி, இரவுப் பணி முடித்துத் திரும்பும் இளைஞருக்குச் சமைக்க நேரம் இருப்பதில்லை. பல விடுதிகளில் அடுப்பும் இருப்பதில்லை. அவர் கைப்பேசியில் மளிகைச் செயலியைத் திறந்தால், உறைந்த பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே ‘தாவர இறைச்சி’ என்ற பெயரில் நக்கெட், கீமா, கபாப் பொட்டலங்கள் தென்படுகின்றன. பொட்டலத்தின் மீது பச்சைக் குறியீடு இருக்கிறது. புரதம் நிறைந்தது என்ற வாசகமும் பெரிய எழுத்தில் இருக்கிறது. பிறப்பு முதல் சைவ உணவே உண்டு வளர்ந்தவருக்கு இது புரதக் குறையைத் தீர்க்கும் வழியாகத் தோன்றுவது இயல்பு.

ஆனால், இந்த உணவு உடல்நலத்துக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு அனைவருக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. தட்டிலிருந்து எதை அகற்றிவிட்டு இது வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறுகிறது. உலகெங்கும் வெளியாகும் ஆய்வுகள் பெரும்பாலும் இதனை இறைச்சியுடன் ஒப்பிடுகின்றன. இந்தியாவில் சைவ உணவு உண்பவரோ இதனைப் பருப்புக்கும் பயறுக்கும் மாற்றாக உண்கிறார். இந்த வேறுபாடு விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை.

தாவர இறைச்சி என்பது என்ன?

சோயா, பட்டாணி, கோதுமை ஆகியவற்றிலிருந்து புரதம் தனியே பிரித்தெடுக்கப்படுகிறது. அதனுடன் நீர் சேர்த்துப் பிசைந்து, அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் குறுகிய வாய் வழியாகச் செலுத்தும்போது, இறைச்சியின் நார்களைப் போன்ற அமைப்பு உருவாகிறது. பின்னர் தேங்காய் எண்ணெய், பனை எண்ணெய் போன்ற கொழுப்புகள், மாவுச்சத்து, கூழ்மமாக்கிகள், சுவையூட்டிகள், நிறமிகள், உப்பு ஆகியவை தேவைக்கேற்பச் சேர்க்கப்படுகின்றன. நக்கெட் வகையாக இருப்பின் மேலே ரொட்டித் தூள் பூசப்பட்டு எண்ணெயில் பொரிக்கப்படுகிறது.

இந்தியச் சந்தையில் இத்தகைய பொருள்கள் கடந்த பத்தாண்டுகளில் பரவலாயின. ராஜஸ்தானின் உதய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட குட்டாட் நிறுவனம் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. திரை நட்சத்திரத் தம்பதியரான ரித்தேஷ் தேஷ்முக், ஜெனிலியா ஆகியோர் 2021-இல் இமேஜின் மீட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். கிரிக்கெட் வீரர் விராட் கோலியும் நடிகை அனுஷ்கா சர்மாவும் 2022-இல் மும்பையின் புளூ டிரைப் நிறுவனத்தில் முதலீடு செய்தனர். அதே ஆண்டில் டாடா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் நிறுவனமும் இச்சந்தையில் நுழைந்தது. 2022 செப்டம்பரில் குஜராத்தின் நடியாட் நகரிலிருந்து தாவர இறைச்சிப் பொருள்கள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன.

இதற்கிடையே, வீகன் உணவுகளுக்கான தனி ஒழுங்குமுறை விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 ஜூனில் அறிவித்தது. பால், தேன் உட்பட விலங்குகளிடமிருந்து பெறப்படும் எதுவும் மூலப்பொருளிலோ சேர்மானத்திலோ இருக்கக் கூடாது என்பது அவ்விதிகளின் சாரம். இதற்கெனத் தனிச் சின்னமும் உருவாக்கப்பட்டது. இச்சின்னமும் வழக்கமான பச்சைக் குறியீடும் உணவு எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே உறுதி செய்கின்றன. அது உடலுக்கு நல்லதா என்பதைப் பற்றி அவை எதுவும் கூறுவதில்லை. உருளைக்கிழங்குச் சீவலுக்கும் குளிர்பானத்துக்கும் அதே பச்சைக் குறியீடுதான் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

தாவர இறைச்சிக்கு ஆதரவாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஆகும். 36 பேர் எட்டு வாரம் இறைச்சியும், எட்டு வாரம் தாவர இறைச்சியும் உண்டனர். தாவர இறைச்சி உண்ட காலத்தில் அவர்களது கெட்ட கொழுப்பு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் குறைவாக இருந்தது. உடல் எடையும் சுமார் ஒரு கிலோ குறைவாகக் காணப்பட்டது. இந்த ஆய்வுக்குத் தாவர இறைச்சி நிறுவனமான பியாண்ட் மீட் நிதியுதவி அளித்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

சிங்கப்பூரில் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அந்த நம்பிக்கையைச் சற்றே தணித்தது. நீரிழிவு நோய் வரும் வாய்ப்புள்ள 89 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, எட்டு வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். தாவர இறைச்சி உண்டவர்களுக்கு இதய நலத்திலோ சர்க்கரைக் கட்டுப்பாட்டிலோ தெளிவான கூடுதல் பயன் கிடைத்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை. தாவரம் என்பதாலேயே நன்மை தானாக வந்துவிடாது என்பதே அதன் படிப்பினை.

பிரிட்டனில் 1,18,000-க்கும் அதிகமானோரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு, மிகைப் பதப்படுத்தப்பட்ட தாவர உணவின் பங்கு 10 சதவீதம் உயரும்போது இதய நோய் வாய்ப்பு 5 சதவீதமும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 12 சதவீதமும் அதிகரிப்பதாகத் தெரிவித்தது. இச்செய்தி ‘தாவர இறைச்சியால் மாரடைப்பு’ என்ற தொனியில் பரவியது. உண்மையில் அந்த ஆய்வில் கணக்கிடப்பட்டவை பெரும்பாலும் ரொட்டி, கேக், பிஸ்கட், இனிப்புப் பானம் போன்றவையே. தாவர இறைச்சியின் பங்கு மொத்த ஆற்றலில் 0.2 சதவீதம் மட்டுமே. எனவே, அந்த ஆய்வைக் கொண்டு தாவர இறைச்சியைக் குற்றவாளியாக்குவதும் பொருந்தாது.

இந்த ஆய்வுகளில் முதலிரண்டும் கேட்டது, இறைச்சிக்குப் பதில் இதை உண்டால் என்னவாகும் என்ற கேள்வியையே. தொத்திறைச்சி, சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அவற்றை அன்றாடம் உண்பவர் தாவர இறைச்சிக்கு மாறினால் நன்மை இருக்க வாய்ப்புண்டு. பருப்பு உண்பவர் மாறினால் என்னவாகும் என்பது முற்றிலும் வேறு கேள்வி.

சைவத் தட்டில் ஒப்பீடு வேறு

2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, மகாராஷ்டிரத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் சைவ உணவு உண்பவர்கள். தமிழகத்தில் இந்த விகிதம் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே தமிழகத்திலிருந்து புனே செல்பவர், சைவ உணவு இயல்பாகக் கிடைக்கும் ஊருக்கே செல்கிறார்.

அங்கே முளைகட்டிய நரிப்பயற்றில் செய்யும் உசல், அதன்மேல் காரக் குழம்பு ஊற்றிப் பரிமாறும் மிசல், கடலை மாவில் கிளறும் பிட்லா, உடன் உண்ணும் சோள பாக்ரி ஆகியவை சாதாரண மக்களின் உணவு. நம் ஊரில் சுண்டல், பருப்பு உருண்டைக் குழம்பு, அடை, பாசிப்பயறு துவையல் ஆகியவை வகிக்கும் இடத்தை அங்கே இவை வகிக்கின்றன. புலால் சுவையை நினைவூட்டும் சமையலும் நமக்குப் புதிதன்று. வாழைப்பூ கோலா உருண்டையும், மீன் போல மசாலா தடவி வறுக்கும் சேனைக்கிழங்கும் தமிழ்ச் சமையலறையில் நெடுங்காலமாக இருப்பவை. மலேசியா, சிங்கப்பூர் வாழ் தமிழர்கள் விரத நாள்களில் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த ‘சைவ மட்டன்’ குழம்பு வைப்பதும் வழக்கமே.

புரதக் கணக்கையும் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வகுத்துள்ள அளவின்படி, வயது வந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். அதே அமைப்புகள் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், 2,000 கலோரி உணவுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 300 மில்லிலிட்டர் பால் அல்லது தயிர், 35 கிராம் கொட்டை மற்றும் விதை, 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் ஆகியவற்றைப் பரிந்துரைக்கின்றன. தானியத்திலிருந்து ஏறத்தாழ 25 கிராம், பருப்பிலிருந்து 18 கிராம், பாலிலிருந்து 10 கிராம் என்று கூட்டினாலே தேவையான 50 கிராமை எட்டிவிடலாம். வேர்க்கடலையும் பிறவும் அதற்கு மேல்.

சிக்கல் என்னவென்றால், பலரது தட்டில் அந்தப் பருப்பு முழு அளவில் இருப்பதில்லை. ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. சோறு மலையாகவும் பருப்பு நீர்த்த குழம்பாகவும் இருக்கும் தட்டில் புரதம் குறைவது உண்மையே. சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுவதுதான் அதற்கான நேரடித் தீர்வு. அதைச் செய்யாமல், சோறு அப்படியே இருக்க வாரம் இருமுறை நக்கெட் சேர்ப்பதால் பெரிய மாற்றம் நிகழாது.

புனே கண்டறிந்த உண்மைக் குறைபாடு

சைவ உணவு உண்போர் அஞ்ச வேண்டிய குறைபாடு எது என்பதைச் சுட்டிக்காட்டியதில் புனே நகருக்குத் தனி இடம் உண்டு. அந்நகரின் கேஇஎம் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், கிராமம், குடிசைப் பகுதி, நகர்ப்புற நடுத்தர வகுப்பு ஆகிய மூன்று பிரிவுகளைச் சேர்ந்த 441 ஆண்களைப் பரிசோதித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 67 சதவீதத்தினருக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. நகர்ப்புற நடுத்தர வகுப்பினரிடையே அது 81 சதவீதம். சைவ உணவு உண்போருக்குக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4.4 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

வசதி குறைந்தவர்களைவிட வசதி படைத்தவர்களிடம் குறைபாடு மிகுந்திருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. பி12 இயற்கையாக விலங்கு சார்ந்த உணவுகளிலேயே கிடைக்கிறது. பால், தயிர், முட்டை ஆகியவற்றில் உண்டு; பருப்பிலும் காய்கறியிலும் இல்லை. இச்சத்து நீண்டகாலம் குறைந்தால் சோர்வு, இரத்தசோகை, கை கால் மரத்துப்போதல், மறதி ஆகியவை தோன்றலாம். இரவுப் பணியின் களைப்பு என்று கருதி இவற்றைப் பலர் புறக்கணிக்கக்கூடும்.

தாவர இறைச்சி இக்குறையைப் போக்குமா? உற்பத்தியாளர் பி12 சத்தைச் சேர்த்திருந்தால் மட்டுமே போக்கும். சோயாப் புரதத்தில் அது இயற்கையாக இல்லை. ஆட்டிறைச்சி தரும் பி12, இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றை அதன் தோற்றமும் சுவையும் கொண்ட பொருள் தானாகவே தந்துவிடாது. பாலையும் தவிர்க்கும் வீகன் உணவுப் பழக்கத்துக்கு மாறுபவர்கள், இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரின் ஆலோசனைப்படி பி12 மாத்திரை எடுத்துக்கொள்வதே நம்பகமான வழி.

உப்பும் உட்கார்ந்த வாழ்க்கையும்

வழிகாட்டுதல்களின்படி நாளொன்றுக்கு உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது. இது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குச் சமம். எடுத்துக்காட்டாக, பொட்டலத்தின் பின்புறம் 100 கிராமுக்கு 500 மில்லிகிராம் சோடியம் என்று இருந்து, ஒருவர் 150 கிராம் உண்டால், 750 மில்லிகிராம் உட்செல்கிறது. ஒரு நாளைய வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான அளவு ஒரே சிற்றுண்டியில் முடிந்துவிடுகிறது. ஊறுகாய், அப்பளம், உணவகக் குழம்பு ஆகியவை அதற்கு மேல் வருபவை. வீட்டில் சுண்டல் செய்தால் உப்பின் அளவு நம் கையில் இருக்கிறது.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் இரண்டு வாரங்கள் மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு உண்டபோது, நாள்தோறும் சுமார் 500 கலோரி கூடுதலாக உட்கொண்டனர். எடையும் ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. அது தாவர இறைச்சியைப் பற்றிய ஆய்வன்று. எனினும், மென்மையாகவும் சுவை மிகுந்தும் இருக்கும் உணவை அளவறியாமல் உண்கிறோம் என்பதற்கு அது சான்று.

தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு இது அலட்சியப்படுத்தத்தக்க செய்தியன்று. ஹைதராபாத்தில் அத்துறையில் பணியாற்றும் 345 பேரிடம் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வில், 84 சதவீதத்தினரின் கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருந்தது தெரியவந்தது. நீண்ட நேரம் அமர்ந்திருப்பது, உறக்கக் குறைவு, நேரம் தவறிய உணவு ஆகியவை சேர்ந்த வாழ்க்கை ஹிஞ்சேவாடியிலும் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் வேறானதன்று.

எல்லாப் பதப்படுத்தலும் ஒன்றல்ல

இவற்றைக் கொண்டு, இயந்திரத்தில் செய்த எதையும் தொடக் கூடாது என்ற முடிவுக்கு வருவதும் தவறு. தமிழக வீடுகளில் ‘மீல் மேக்கர்’ என்று வழங்கும் சோயா உருண்டையும், எண்ணெய் நீக்கிய சோயா மாவை இயந்திரத்தில் அழுத்திச் செய்யப்படுவதுதான். அதில் 100 கிராமுக்குச் சுமார் 50 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு மிகக் குறைவு. ஊறவைத்த பின் எடை பல மடங்காகும் என்பதால், தட்டில் வரும் அளவுக்கு ஏற்பப் புரதத்தைக் கணக்கிட வேண்டும். மூலப்பொருள் ஒன்றே, உப்பும் எண்ணெயும் சமைப்பவர் சேர்ப்பவை. உறைந்த நக்கெட் பொட்டலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பன்னீர், டோஃபு ஆகியவையும் பதப்படுத்தப்பட்டவையே எனினும், அவற்றின் மூலப்பொருள் பட்டியல் மிகச் சிறியது.

உணவை அதன் பதப்படுத்தல் அளவைக் கொண்டு நான்காகப் பிரிக்கும் ‘நோவா’ முறையைப் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோ 2009-இல் முன்வைத்தார். அது ஓர் எச்சரிக்கை மணியாகப் பயன்படுகிறது. ஆயினும் குளிர்பானத்தையும் சோயாப் புரதப் பொருளையும் ஒரே பிரிவில் அடக்கிவிடுகிறது என்ற விமர்சனமும் அதன்மீது உண்டு.

நேரமின்மையும் கற்பனைக் காரணமன்று. அடுப்பில்லாத அறையில் தங்கியிருப்பவரிடம் தினமும் பருப்பு வேகவையுங்கள் என்று அறிவுரை கூறுவதில் பொருளில்லை. அவருக்கு ஏற்றவை வேறு: இரவில் ஊறவைத்து முளைகட்டிய பாசிப்பயறு, வறுத்த கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, தயிர். இவை எதற்கும் உறைபெட்டி தேவையில்லை. முளைகட்டுவதால் இரும்புச்சத்து உடலில் சேர்வதும் எளிதாகிறது. எலுமிச்சை பிழிந்தால் மேலும் நன்று. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது என்பதால், இச்சிறு செய்தியும் பெரிதே.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பொட்டலத்தின் முன்புறம் விற்பனைக்கானது, பின்புறமே தகவலுக்கானது. மூலப்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதலிடத்தில் புரதம் இருக்கிறதா, மைதாவும் மாவுச்சத்தும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, 100 கிராமுக்கான புரதம், நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் ஆகிய மூன்று எண்களை நோக்க வேண்டும். பி12 கட்டாயப் பட்டியலில் இல்லை என்பதால், சேர்க்கப்பட்டுள்ளதாகத் தனியே குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே கணக்கில் கொள்ளலாம். சோயா, கோதுமைப் புரதம் ஆகியவற்றால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதற்கான எச்சரிக்கை வரியையும் படிக்க வேண்டும்.

இந்தச் சுமை முழுவதையும் நுகர்வோர் தலையில் ஏற்றுவது முறையா என்பது கொள்கை சார்ந்த கேள்வி. பொட்டலத்தின் முன்புறத்தில் அரை முதல் ஐந்து வரை நட்சத்திரக் குறியிடும் வரைவுத் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்டது. உப்பும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கும் சில நட்சத்திரங்கள் கிடைத்துவிடும் என்பதால், நேரடி எச்சரிக்கை முத்திரையே தேவை என்று பொதுச் சுகாதார வல்லுநர்கள் வாதிட்டனர். முன்புற எச்சரிக்கை கோரிய பொதுநல வழக்கில், விதிகளை இறுதி செய்ய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாத அவகாசம் வழங்கியது. பின்னர் அவகாசம் நீட்டிக்கப்பட்டது. ‘தாவரம்’, ‘புரதம்’ என்ற சொற்கள் முன்புறத்தில் பெரிதாக இடம்பெற முடியுமானால், ‘உப்பு மிகுதி’ என்ற சொல்லும் அங்கேயே இடம்பெறுவதுதான் நியாயம்.

முடிவாக, புலால் உணவைக் குறைக்க விரும்புபவருக்குத் தாவர இறைச்சி ஒரு படிக்கட்டாகலாம். நண்பர்களுடன் விருந்தில் எப்போதாவது உண்பவருக்கு அதனால் கேடு விளையப்போவதில்லை. ஆனால் பருப்பும் பயறும் தயிரும் கொண்ட தட்டை ஏற்கெனவே உடையவருக்கு, அது தரும் கூடுதல் நன்மை என்று எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. பணி முடித்து அறைக்குத் திரும்பும் ஹிஞ்சேவாடி இளைஞரின் புரதம் சாலையோரக் கடையின் உசலிலேயே இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது, அதனுடன் தரும் இரண்டாவது பாவ் ரொட்டிக்குப் பதிலாக உசலை இன்னொரு கரண்டி கேட்பதும், ஆண்டுக்கு ஒருமுறை பி12 பரிசோதனை செய்துகொள்வதும்தான்.